லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் பட்டாளப் பதிவா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் பக்கம் இருக்கிறோம். சின்னவன் இங்கேயே பிறந்தவன், இன்னும் இரண்டு மாதத்தில் 18 முடிகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான கிளாஸ் டி லைசென்ஸை முழு லைசென்ஸான கிளாஸ் சி-யாக மாற்ற வேண்டும். அந்த விண்ணப்பம் கொடுத்தாலே செலக்டிவ் சர்வீஸில், அதாவது ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் போய்விடும் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். அவர் வள்ளலார் வழியில் நிற்பவர், கொல்லாமையில் விட்டுக்கொடுக்க மாட்டார். தஞ்சாவூரிலிருந்து மாமியார் தினமும் போன் செய்து "பேரனைப் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே" என்று அழுகிறார். மூத்தவனுக்கு 22 வயது. நாங்கள் 2020 அக்டோபரில் கிரீன் கார்டுக்கான ஐ-485 மனுப் போட்டோம், 2024இல் எங்களோடு சேர்த்து அவனுக்கும் கிரீன் கார்டு வந்தது. அவன் 17 வயதில் எச்-4 என்ற குடும்ப விசாவில் இருந்தபோதே லைசென்ஸ் வாங்கிவிட்டான், இப்போது வேறு மாநிலத்தில் எம்.எஸ். படிக்கிறான். "லைசென்ஸ் இருக்கு, அதுலயே பதிவாகி இருக்கும்" என்கிறான். அப்படி எடுத்துக்கொள்ளலாமா? என் தங்கை மகன் நியூ ஜெர்சியில் பிறந்து ஐந்து வயதிலிருந்து சென்னையில் வளர்கிறான், அவனுக்கும் 18 ஆகிவிட்டது. அவனுக்கும் இது உண்டா?

பதில்: முதலில் மாமியாருக்குப் போன் போட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இது பட்டாளத்தில் சேர்ப்பது இல்லை. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது, அதன் பிறகு ராணுவத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள்தான். இப்போது நடப்பது பெயர்ப் பதிவு மட்டும். அதையும் 1975இல் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைப் பார்த்து ஜிம்மி கார்ட்டர் 1980இல் மறுபடி கொண்டுவந்தார். அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுக்க வேண்டும் என்றாலும் நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகும் பிறந்த தேதியை வைத்துக் குலுக்கல், அந்த வருடம் 20 வயதைத் தொடுகிறவர்கள் முதலில், அப்புறம் 21 முதல் 25 வரை, கடைசியில்தான் 19, 18 வயதுப் பிள்ளைகள். உடல் பரிசோதனை, விலக்கு கேட்கும் மனு எல்லாம் அதற்கும் பிறகு. பாட்டி இப்போதைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் அப்படி ஒதுக்கிவிட மாட்டேன். அவருடைய எதிர்ப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, லைசென்ஸோடு பதிவை இணைத்திருப்பது அந்த இடத்தைத்தான் கொஞ்சம் நெருக்குகிறது. அதற்கு வருகிறேன், முதலில் இந்த இணைப்பு எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சட்டப்படி 18 முதல் 26 வயதுக்குள் உள்ள ஆண்கள், குடிமக்களோ இங்கே வசிக்கும் மற்றவர்களோ, 18ஆவது பிறந்தநாளுக்கு 30 நாள் முன்னாலிருந்து 30 நாள் பின்னால் வரைக்குள் பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கு இல்லை, 1981இல் உச்ச நீதிமன்றமே அது சரி என்று சொல்லிவிட்டது. பதியாதவர்களுக்கு ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் 1986க்குப் பிறகு இதற்காக யார் மீதும் வழக்குப் போடவில்லை. வழக்குக்குப் பதிலாக அரசு வேறு வழியைப் பிடித்தது: பதியாதவனுக்கு மத்திய அரசு வேலை கிடையாது, குடியுரிமை மனு சிக்கலாகும், பல மாநிலங்களில் மாநில வேலையும் படிப்பு உதவியும் போகும். 18 வயதுப் பையன்கள் இதையெல்லாம் எங்கே யோசிக்கிறார்கள்? மறந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கேள்வியே படுவதில்லை. ஆனால் லைசென்ஸை மட்டும் எவனும் மறப்பதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் செலக்டிவ் சர்வீஸ் அலுவலகம் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டம் இயற்றச் சொன்னது. 2000இல் டெலவேர் முதலில் செய்தது, இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

ஏதோ ஒரு வடிவத்தில் என்று சொல்லக் காரணம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில மாநிலங்களில் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்தால்தான் பெயர் போகும். சில இடங்களில் விண்ணப்பம் கொடுப்பதே சம்மதம், கட்டமெல்லாம் கிடையாது. ஜார்ஜியா இந்த இரண்டாவது ரகம். உங்கள் ஊரில் லைசென்ஸ் கொடுக்கும் டிடிஎஸ் அலுவலகம் பையனின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் இவற்றை மின்னணு முறையில் அனுப்பிவிடும். மாநில மோட்டார் வாகனத் துறைகள் தங்களுக்குள் லைசென்ஸ் விவரம் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் அதே வலைப்பின்னல் வழியாகத்தான் இதுவும் போகிறது. லைசென்ஸ் மட்டும் கொடு, இந்தப் பதிவு வேண்டாம் என்று கவுன்ட்டரில் பிரித்துக் கேட்க முடியாது.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது, அதை மறைக்கப் போவதில்லை. கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊரில் லைசென்ஸுக்கு நிற்கிற பையனிடம், மறுக்க வழியில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு அதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது நேர்மையாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியலுமே அப்படி ஒன்றும் பயன்படுகிற நிலையில் இல்லை. முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, ஹாஸ்டல் மாறும் எந்தப் பையன் செய்கிறான்? 1980இல் பதிவு மறுபடி தொடங்கியபோது அந்த அலுவலகத்தின் இயக்குநராக இருந்தவர் பெர்னார்ட் ராஸ்ட்கர், மேலே சொன்ன 1981 வழக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரே 2019இல் ராணுவச் சேவை, பொதுச் சேவை பற்றி ஆராய்ந்த தேசிய ஆணையத்தின் முன் வந்து இந்தப் பட்டியலால் பிரயோஜனம் இல்லை, எடுத்துவிடலாம் என்று சாட்சி சொன்னார். எடுக்கவில்லை. எதிர்த்திசையில்தான் போகிறார்கள்: 2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில், பையன்களாகப் பதியத் தேவையில்லை, மத்திய அரசிடம் இருக்கும் தகவல்களை வைத்து அலுவலகமே தானாகப் பதிந்துகொள்ளும் என்று மாற்றிவிட்டார்கள், ஒரு வருட அவகாசத்தில் அது நடைமுறைக்கு வர வேண்டும். அதுதான் வருகிறதே, சும்மா இருந்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளுடைய கடமையும் இன்றைய தேதியில் அவர்களிடமேதான் இருக்கிறது, புது ஏற்பாடு தொடங்கும் காலத்தில் எத்தனை பெயர் விடுபடும் என்று யார் கண்டது?

சரி, சின்னவன். அவன் குடிமகன், பதிவு அவனுக்குக் கட்டாயம். லைசென்ஸ் விண்ணப்பத்தை நீங்கள் தள்ளிப்போட்டாலும் இந்தக் கடமை தள்ளிப்போகாது, அதனால் டிடிஎஸ் பக்கம் போகாமல் இருப்பதால் எதுவும் தப்பிக்கப் போவதில்லை. ஜார்ஜியாவில் இன்னொன்று இருக்கிறது, மாநிலம் தரும் ஹோப் ஸ்காலர்ஷிப். ஜார்ஜியா டெக்கோ ஏதென்ஸ் ஊரில் இருக்கிற ஜார்ஜியா பல்கலைக்கழகமோ போகிற பிள்ளைகளுக்கு ஹோப், ஜெல் மில்லர் உதவித்தொகை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செலக்டிவ் சர்வீஸ் விதியைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. மத்திய அரசின் படிப்பு உதவிக்கான ஃபாஃப்சாவில் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதை எங்கேயோ படித்துவிட்டு "இப்பல்லாம் காலேஜுக்குத் தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள், மாநில உதவிக்கு அது பொருந்தாது.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் கொல்லாமை. அமெரிக்கச் சட்டத்தில் மனசாட்சி காரணமாகப் போரில் சேர மறுக்கும் உரிமை உண்டு. கடவுள் நம்பிக்கையோ குறிப்பிட்ட மதமோ தேவையில்லை, ஆழமாகப் பிடித்து வாழ்கிற அறநெறி இருந்தாலே போதும் என்று 1965இலும் 1970இலும் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று புலால் மறுத்து வாழும் ஒரு குடும்பத்துப் பையனுக்கு அந்த வாதம் இயல்பாகவே பொருந்தும். ஆனால் மூன்று விஷயம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒன்று, நம்பிக்கை அவனுடையதாக இருக்க வேண்டும், அப்பாவுடையது செல்லாது. அவன் கல்லூரி கேன்டீனில் சிக்கன் சாப்பிடுகிறானா என்பதை நான் கேட்கப் போவதில்லை, என்றாவது ஒருநாள் ஒரு குழு கேட்கலாம். இரண்டு, எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும். இந்தப் போர் அநியாயம், அந்தப் போர் பரவாயில்லை என்று தேர்ந்தெடுத்து மறுப்பதை 1971இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: இப்படி மறுப்பவனும் பதிவு செய்தே ஆக வேண்டும். மறுப்பு மனுவை எடுத்துப் பார்ப்பது ஆள்சேர்ப்பு என்று ஒன்று வந்து அவன் எண் அழைக்கப்பட்ட பிறகுதான். அப்போது ஆயுதம் ஏந்தாத ராணுவ வேலையோ ராணுவத்துக்கு வெளியே மாற்றுச் சேவையோ தருவார்கள்.

லைசென்ஸ் இணைப்பு நெருக்குவது இங்கேதான். பதிவுப் படிவத்தில் மனசாட்சி மறுப்புக்குக் கட்டம் எதுவும் கிடையாது. ஆன்லைனிலும் எழுத இடமில்லை, டிடிஎஸ் வழியாகப் போனால் பையன் கையால் ஒரு சொல்கூட எழுதாமலே வேலை முடிந்துவிடும். ஆனால் காகிதப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போரை மறுப்பவர்கள் பல வருடமாகச் செய்வது, அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு ஓரத்தில் தெளிவாக, நான் மனசாட்சி காரணமாக எல்லாப் போரையும் எதிர்ப்பவன் என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புவது. அலுவலகம் அதை ஒரு தனி வகையாகப் பதிந்துகொள்ளாது, அதனால் உடனடியாக எந்தப் பலனும் இல்லை. பிற்காலத்தில் தேவை வந்தால் 18 வயதிலேயே இப்படிச் சொன்னவன் என்பதற்குத் தேதியோடு ஒரு சான்று இருக்கும், குண்டு விழ ஆரம்பித்த பிறகு திடீரென்று அகிம்சை பேசுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது. கூடவே ஒரு கோப்பு போட்டு வையுங்கள்: அவன் சொந்த வார்த்தையில் எழுதிய ஒரு பக்கம், அவனை அறிந்த இரண்டு மூன்று பேரின் கடிதம், சன்மார்க்க சங்கத்தோடு தொடர்பு இருந்தால் அதன் விவரம். 17 வயது மூன்று மாதம் ஆனவர்களே விவரங்களை முன்கூட்டி அனுப்பலாம், வயது வரும்வரை வைத்திருந்து பதிவார்கள். ஆகவே காகிதப் படிவம் வேண்டும் என்றால் இந்த மாதமே அனுப்பிவிட்டு அப்புறம் டிடிஎஸ் போங்கள். அந்த வரிசை மாறக் கூடாது. அவனுக்கு அப்படி ஒரு கொள்கையும் இல்லை என்றால், தயவுசெய்து அவன் வாயில் திணிக்காதீர்கள், லைசென்ஸ் வழியாகவே போகட்டும்.

மூத்தவன் விஷயம்தான் எனக்குக் கவலை, உங்களுக்குச் சின்னவன் மேல் இருக்கிற பதற்றத்தில் பாதியை இவன் பக்கம் திருப்புங்கள். லைசென்ஸ் இருக்கு, பதிவாகி இருக்கும் என்கிறானே, அந்த நம்பிக்கை எனக்கு வருகிற வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. அவன் லைசென்ஸ் வாங்கியபோது வயது 17, எச்-4. முறையான எச்-4, எப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பதிவு கடமையே இல்லை, அதனால் அப்போது பெயர் போயிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு 2024இல் கிரீன் கார்டு வந்ததும் 30 நாளுக்குள் அவன் பதிந்திருக்க வேண்டும். அதற்குள் லைசென்ஸைப் புதுப்பித்தானா, எந்த மாநிலத்தில், அந்த மாநிலம் தானாக அனுப்புகிற ரகமா, கட்டம் டிக் செய்கிற ரகமா? இத்தனை கேள்விக்குப் பதில் தெரியாமல் "ஆகியிருக்கும்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஐ-485 பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 18 முதல் 26 வயதுக்குள் உள்ள ஆண் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால், அவன் விவரத்தைச் செலக்டிவ் சர்வீஸுக்கு அனுப்பக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அனுமதி கொடுத்ததாக அர்த்தம். ஆனால் 2020 அக்டோபரில், இந்தியர்களெல்லாம் ராத்திரி பகலாக ஓடி மனுப் போட்ட அந்த மாதத்தில், உங்கள் பையனுக்கு 16 அல்லது 17 வயதுதான் இருந்திருக்கும். அந்த வலையில் அவன் சிக்கியிருக்க வாய்ப்பு குறைவு. இன்னொரு நுணுக்கம்: ஐ-485 நிலுவையில் இருந்த வருடங்களில் அவன் எச்-4ஐ விடாமல் நீட்டித்து வந்தானா, இல்லை வேலை அனுமதி அட்டையும், வெளிநாடு போய்வரும் அனுமதியான அட்வான்ஸ் பரோலும் வந்துவிட்டது என்று எச்-4ஐ விட்டுவிட்டீர்களா? அட்வான்ஸ் பரோலில் இந்தியா போய்வந்தால் விசாவில் இல்லாமல் தற்காலிக அனுமதியில் விடப்படும் பரோலியாகத்தான் உள்ளே வருகிறான், பரோலிக்கு விலக்கு கிடையாது. அப்படி என்றால் கடமை 2024க்கு முன்பே தொடங்கியிருக்கலாம். பயப்படாதீர்கள், எந்தத் தேதியில் தொடங்கியிருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

இன்று ராத்திரியே செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கும் பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். கடைசிப் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி கேட்கும். நம் ஆட்களுக்கு இந்தக் கடைசிப் பெயர் ஒரு தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், லைசென்ஸில் முன்னும் பின்னும் மாறியிருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும். ஒரு பெயரில் வரவில்லை என்றால் மற்றதைப் போட்டுப் பார்க்கட்டும், அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பதியவில்லை என்று எடுத்துக்கொண்டு அப்போதே ஆன்லைனில் பதிந்துவிடட்டும். 26ஆவது பிறந்தநாள் வரை தாமதமாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிந்ததும் தபாலில் ஒப்புதல் கடிதம் வரும், அதில் உள்ள பதிவு எண்ணை கிரீன் கார்டு, ஐ-485 ஒப்புதல் காகிதங்கள் இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்கும் கிரீன் கார்டுக்கும் நடுவே எந்த நிலையில் இருந்தான் என்று காட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவு, எச்-4 நீட்டிப்புக் காகிதங்கள் எதையும் குப்பையில் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2029இல் அவன் குடியுரிமைக்கு என்-400 போடுவான். ஆண்களிடம் அந்தப் படிவம் நேராகவே கேட்கும்: பதிந்தாயா, என்று, எண் என்ன? அதற்குள் 26 தாண்டிவிட்டால் பதியவே முடியாது, கதவு மூடிவிடும். 26க்கும் 31க்கும் நடுவில் இருப்பவர், தெரிந்தே வேண்டுமென்று விடவில்லை என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும், செலக்டிவ் சர்வீஸிடமிருந்து நிலை விளக்கக் கடிதம் ஒன்று வாங்கி, தன் பக்கத்தில் உறுதிமொழிப் பத்திரம் வைத்து. 31க்கு மேல் பொதுவாக விட்டுவிடுகிறார்கள், ஐந்து வருட நன்னடத்தைக் காலத்துக்கு வெளியே போய்விடுகிறது. மத்திய அரசு வேலை விஷயத்தில் அந்த 31 வயதுக் கணக்கும் கிடையாது. அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை உறுதியாகி, கடைசியில் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர் உண்டு. அவரும் சொன்னது இதேதான், லைசென்ஸ் வாங்கும்போதே ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவர் லைசென்ஸ் வாங்கிய மாநிலத்தில் கட்டம் டிக் செய்ய வேண்டும், அவர் செய்யவில்லை. நான்கு வருடம் முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மூத்தவனுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை, அதனால் எனக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதிக்கொடுத்துவிட வேண்டாம். வெளிநாட்டவர் என்ற காரணம் காட்டி விலக்கு கேட்டு வாங்குகிறவருக்குக் குடியுரிமைக் கதவை நிரந்தரமாக அடைக்கிற ஒரு பிரிவு குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. இப்போது பதிவு மட்டும்தான் நடக்கிறது என்பதால் அந்த நிலைமை வருவது அரிது, இருந்தாலும் இணையத்தில் எவரோ தரும் யோசனையைக் கேட்டு எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். நீங்கள் எல்லாரும் பார்த்துப் பயப்படுகிற வரி பட்டாளப் பதிவு, உண்மையில் ஆபத்தான வரி அதே லைசென்ஸ் விண்ணப்பத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. 1993இல் வந்த ஒரு சட்டத்தால் லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளராகவும் பதியலாம், ஜார்ஜியாவில் 2016 முதல் வேண்டாம் என்று சொன்னால்தான் விடுவார்கள். செலக்டிவ் சர்வீஸில் தேவையில்லாமல் பெயர் போய்விட்டால் ஒரு கெடுதலும் இல்லை, எச்-4 பையன் தவறாகப் பதிவாகியிருந்தால்கூட காகிதத்தைக் காட்டி எடுத்துவிடலாம். ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவன் அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தைத் தொட்டு வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டால் அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும், கிட்டத்தட்ட மன்னிப்பே இல்லாத குற்றம், நாடு கடத்தும் வரை போகும். கவுன்ட்டரில் இருப்பவர் வேகமாகத் திரையைத் தள்ளிவிட்டு "எல்லாத்துக்கும் எஸ் கொடுங்க" என்றாலும் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதும் இதே கதைதான். சந்தேகமாக இருந்தால் ஜார்ஜியா வாக்காளர் தளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் நீங்களாக எதையும் திருத்தப் போகாமல் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், இதைப் படிப்பவர்களில் ஈழத்திலிருந்து அகதியாக வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அகதி நிலையும் அசைலம் என்ற அடைக்கலமும் பெற்றவர்களுக்கும், ஆவணமே இல்லாமல் இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு உண்டு, தற்காலிக விசாக்காரர்களுக்கு இருக்கிற விலக்கு அவர்களுக்குக் கிடையாது. பிள்ளையை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அனுபவம் உள்ள ஒரு தாய் இந்தப் படிவத்தைப் பார்த்து நடுங்குவதில் தவறே இல்லை. அங்கே அன்று நடந்ததும் இங்கே இப்போது நடப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்ல முடியும். ஆவணம் இல்லாதவர்கள் இந்தக் காலத்தில் தங்கள் முகவரியை ஒரு அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன்னால் வழக்கறிஞரோடு தனியாகப் பேசிவிட்டுச் செய்யட்டும், அதற்குப் பொதுவான பதில் இங்கே எழுத முடியாது.

தங்கை மகனுக்கு வருகிறேன். அவனுக்கும் உண்டு. நியூ ஜெர்சியில் பிறந்தவன் அமெரிக்கக் குடிமகன், ஓசிஐ அட்டை வைத்துக்கொண்டு சென்னையிலேயே வளர்ந்தாலும், அமெரிக்க லைசென்ஸ் வாங்கும் எண்ணமே இல்லை என்றாலும் கடமை அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் வழி அவனுக்கு இல்லாததால் தானாக நடக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. வெளிநாட்டு முகவரியோடு பதியலாம். குழந்தையாக இருந்தபோதே சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கியிருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். இல்லையென்றால் காகிதப் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரை எழுதி அனுப்பட்டும். பிறந்தநாள் தாண்டி 30 நாள் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், ஆகியிருந்தாலும் அனுப்பலாம். மேல்படிப்புக்கு இங்கே வரும்போது மாநில உதவித்தொகைப் படிவம் நிரப்புகையில் முதலில் தேடப்போவது அந்த ஒப்புதல் கடிதத்தைத்தான், அதனால் சென்னை முகவரிக்குத் தபால் வந்து சேர்ந்ததா என்பதை உங்கள் தங்கை மறக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், வரவில்லை என்றால் பதிவு எண்ணை இணையதளத்திலேயே எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.